கண்ணாடி கழன்றாலும் கண் அதேதான்

லேசிக் என்னும் லேசர் கண் சிகிச்சையைச் செய்துகொண்டால் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியை நிரந்தரமாகக் கழற்றிவிடலாம் என்று அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். இச்சிகிச்சையில் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் கருவிழிப் படலத்தின் (கார்னியா) நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகிறது. ஒவ்வொரு டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) திசு குறைவதால், சராசரியாக 540 மைக்ரான் தடிமனே உள்ள அப்படலத்தில், லேசருக்கு வழிவிட மேலே வெட்டித் திறக்கும் மடல் போக, அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்சுமா என்று கணக்கிட்ட பிறகே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். ஆகவே படலம் மெலிந்தவர்களுக்கும், அது கூம்புபோல் பிதுங்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கும் மறுப்புச் சொல்வது நியாயமே. (இந்த லேசர் உயிர்த்திசுவைச் சுடாமல் செதுக்கும் என்பதை 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன்.)

கட்டுரை விட்டுவிட்ட முக்கியச் செய்தி வேறொன்று: கிட்டப்பார்வையில் நீண்டுவிட்ட விழிக்கோளம் சிகிச்சைக்குப் பின்னும் அதே நீளத்தில்தான் இருக்கும் என்பதால், அதிகப் பவர் இருந்தவர்களுக்கு விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே தொடர்கிறது, அவர்கள் விழித்திரைப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தையும் லேசிக் தடுப்பதில்லை. இருபத்தைந்து வயதில் சிகிச்சை செய்துகொண்ட நானே இப்போது நாளிதழ் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறேன்.