கொள்கை இருக்கிறது, சாய்தளம் எங்கே?

மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலையில் சமவாய்ப்புத் தருவோம் என்று நிறுவனங்கள் எழுத்தில் தரும் உறுதிதான் சமவாய்ப்புக் கொள்கை. அதை வெளியிடும் நிறுவனங்களை அண்மையில் படித்த ஒரு கட்டுரை பாராட்டியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அது அவர்கள் காட்டும் பெருந்தன்மை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 21 அதைக் கட்டாயமாக்குகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும்.

என் தங்கை சக்கர நாற்காலியில் போகிறவள். போன வருடம் நேர்முகத் தேர்வுக்கு ஒரு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். இணையதளத்தில் அழகான உறுதிமொழி போட்டிருந்தார்கள். வாசலில் மூன்று படி, அதன் மேல் சாய்தளம் என்ற பெயரில் ஒரு இரும்புத் தகடு, ஏறக்குறைய ஏணி மாதிரி. காவலாளியும் நானும் சேர்ந்துதான் தூக்கினோம். பேட்டி தொடங்கும் முன்பே அவள் முகம் வாடிவிட்டது.

சாய்தளத்துக்குக் கணக்கு இருக்கிறது: 1:12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி. இடம் இல்லையென்றால் நடுவில் திருப்பிக் கட்டலாம், சின்ன மின்தூக்கி வைக்கலாம். அப்புறம் கழிப்பறைக் கதவின் அகலம், பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்து நிரப்பக்கூடிய விண்ணப்பப் படிவம், இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி மாற்றக் கேட்ட ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. கொள்கை வெளியிடும் நிறுவனங்கள் அதோடு வாசல், கழிப்பறை, இணையதளம் மூன்றையும் மாற்றுத்திறனாளிகளை வைத்தே சோதித்து, என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்வோம் என்பதையும் போடட்டும்.