போட்டிக்காரர் மூடிவிட்டுப் போனால் நமக்கு லாபமா?

ஒரு தொழிலில் நாலு பேர் கடையை மூடிவிட்டுப் போனால் உடனே ஒரு குரல் கேட்கும். "திறமை இல்லாதவன் போய்ட்டான், இனி இருக்கிறவனுக்குத்தான் மார்க்கெட்." சந்தை தானாகவே வடிகட்டிக்கொள்ளுமாம், தேறியவர்கள் நிற்பார்களாம். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள், மீதிப் பேர் பங்குச் சந்தையைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் என்பது என் சந்தேகம். சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு, அந்தக் கணக்குகளில் இந்த வடிகட்டலை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒருவர் மூடினால், மிச்சமிருப்பவரின் செலவுப் பக்கத்தில்தான் அது முதலில் தெரியும்.

பழையது அழிந்து புதியது வருவதுதான் முதலாளித்துவத்தின் இயல்பு என்று பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1942-இல் சொன்னார். முப்பது நாற்பது வருடக் கணக்கில், ஒரு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தை வைத்துப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர் வேலை செய்கிற ஒரு பட்டறை முப்பது வருடக் கணக்கில் வாழ்வதில்லை, அடுத்த சம்பளத் தேதி வரைக்கும்தான் வாழ்கிறது. அந்தத் தேதியைத் தாண்டினால் அதற்கடுத்த தேதி.

தொழில்கள் மூடுவது ஒன்றும் அதிசயமில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், புதிதாகத் தொடங்குகிற நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே காணாமல் போகிறது, ஐந்து வருடத்தில் ஏறத்தாழ பாதி. நல்ல காலம், கெட்ட காலம் என்று பார்க்காமல் இந்த விகிதம் ரொம்ப வருடங்களாகப் பெரிதாக மாறவும் இல்லை. ஆக, ஒருவர் மூடுவதும் இன்னொருவர் திறப்பதும் சாதாரணம். ஒரே துறையில், ஒரே சமயத்தில், கொத்தாக மூடுவதுதான் சாதாரணமில்லை.

அட்டைப்பெட்டி செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தனி ஆளாகத் தொழில் செய்வதாக வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கிராஃப்ட் பேப்பர் ரீல் கடனுக்குத் தருகிற வியாபாரி, அட்டையை அளவுக்கு வெட்டுகிற அச்சான டையைச் செய்து கொடுப்பவர், மெஷின் நின்றால் ஓடி வருகிற மெக்கானிக், அரை லோடு என்றாலும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போகிற வண்டிக்காரர், இத்தனை பேர் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். இவர்கள் யாரும் அவர் ஒருவரை நம்பி இருப்பவர்கள் இல்லை, அதே மாதிரி பத்துப் பேரை நம்பி இருப்பவர்கள். பத்தில் நாலு பேர் மூடிவிட்டால் என்ன ஆகும்? மூடியவர்கள் பேப்பர் வியாபாரிக்குப் பாக்கி வைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள், அதனால் அவர் மிச்சமிருக்கும் ஆறு பேரிடம் "இனிமேல் பணம் போட்டால்தான் சரக்கு" என்பார். டை செய்பவர் வேறு துறைக்கு மாறிவிடுவார். இன்றைக்குக் கூப்பிட்டால் இன்றைக்கே வந்த மெக்கானிக் வியாழக்கிழமை வருவார். வங்கியில் அந்தத் துறையின் பெயரைச் சொன்னாலே அதிகாரி ஃபைலை மூடி வைப்பார், ஓவர் டிராஃப்ட் வரம்பு குறையும். இதில் எதுவும் மிச்சமிருப்பவர் செய்த தப்பு இல்லை.

இன்னொன்றை யாரும் யோசிப்பதே இல்லை. மூடியவரின் மெஷின் எங்கே போகிறது? ஏலத்துக்குப் போகிறது. இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து யாரோ ஒருவர் எடுக்கிறார். அவருக்கு அந்த மெஷின் மேல் கடன் இல்லை, தவணை இல்லை, வட்டி இல்லை. ஆறு மாதத்தில் அதே மெஷினில் ஓட்டி நம்மைவிடக் குறைவாக கொட்டேஷன் போடுகிறார். போன போட்டிக்காரர் இன்னும் மலிவான போட்டிக்காரராகத் திரும்பி வந்துவிட்டார், அவ்வளவுதான். இவரும் ரொம்ப நாள் நிற்கமாட்டார், ஏனென்றால் அந்த விலையில் மெஷின் தேய்மானத்துக்குக்கூடக் கட்டாது. ஆனால் அவர் நிற்கிற அந்தக் கொஞ்ச காலத்துக்குள் சந்தை விலையே கீழே இறங்கிவிடும், வாங்குபவர்கள் அந்த விலைக்குப் பழகிவிடுவார்கள்.

சரி, பக்கத்தில் ஒருவர் மூடுவதைப் போலவே, நம் தப்பு இல்லாமல் நம்மைத் தாக்குகிற இன்னொன்று சந்தையின் ஏற்ற இறக்கம். அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

கடைசி வாடிக்கையாளர் கொஞ்சம் அசைந்தாலே சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் தூக்கி வீசப்படுகிறார். இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே விளக்கிவிட்டார், பிறகு இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர் வந்தது. வழக்கமாகச் சொல்லும் உதாரணம் குழந்தைகளின் டயாப்பர். குழந்தைகள் மாதாமாதம் ஏறி இறங்கி டயாப்பர் நனைப்பதில்லை, தேவை கிட்டத்தட்ட ஒரே சீர்தான். ஆனாலும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பார்த்தபோது, கடைகளின் விற்பனை லேசாகத்தான் ஏறி இறங்கியிருந்தது, மொத்த விற்பனையாளர்களின் ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடியிருந்தது, நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியிருந்தது. ஒவ்வொருவரும் "எதற்கும் கொஞ்சம் கூடுதலாக" என்று போடுவதும், அப்புறம் "போதும், நிறுத்து" என்பதும்தான் காரணம். டயாப்பருக்கே இந்தக் கதி என்றால் மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

கோவிட் காலத்தில் இதை உலகமே பார்த்தது. 40 அடி கண்டெய்னர் ஒன்றை அனுப்ப, ட்ரூரி என்ற கப்பல் துறை ஆய்வு நிறுவனத்தின் உலகக் குறியீட்டில், 2019-இல் சராசரியாகச் சுமார் 1,400 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டியது. 2023-இல் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. உச்சத்தில் இருந்தபோது பெரிய சில்லறை நிறுவனங்கள் சொந்தமாகக் கப்பல்களையே வாடகைக்கு எடுத்தன. சின்னவர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள், இல்லையென்றால் சரக்கே வேண்டாம் என்று விட்டார்கள். அதிக வாடகை கொடுத்துக் கொண்டுவந்த சரக்கு குடோனுக்கு வந்து சேர்ந்த நேரம், சந்தையில் அந்தப் பொருள் குவிந்து கிடந்தது. 2022 ஜூனில் அமெரிக்கச் சில்லறை நிறுவனமான டார்கெட், ஸ்டாக் அதிகமாகிவிட்டது, தள்ளுபடியில் தள்ளப்போகிறோம், ஆர்டர்களை ரத்து செய்யப்போகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. யானை படுத்தாலும் குதிரை மட்டம், அந்த நிறுவனம் சில காலாண்டுகள் லாபம் குறைந்ததோடு எழுந்துவிட்டது. ரத்தான ஆர்டருக்கு நூல் வாங்கி வைத்தவர், பெட்டி அடித்து வைத்தவர், ஆள் சேர்த்தவர் எல்லாம் என்ன ஆனார்கள் என்று எந்தக் காலாண்டு அறிக்கையிலும் வராது.

என் மொத்த வாதமும் இதுதான். சந்தை ஆடும்போது அந்த ஆட்டம் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை, தள்ள முடிந்தவர் கீழே தள்ளுகிறார், கடைசியில் தள்ளுவதற்கு ஆளில்லாதவர் தலையில் வந்து நிற்கிறது. நாசூக்காக ஒரு காரியம் செய்வார்கள், பில் பணம் தருகிற நாளை நீட்டுவார்கள். 30 நாள் 60 ஆகும், 60 நாள் 90 ஆகும். விலையைக் குறை என்று கேட்டால்தானே சண்டை வரும், நாளை நீட்டினால் யாரும் சண்டை போடுவதில்லை. பணம் தர வேண்டியவருக்கு அது வட்டியில்லாக் கடன், பணம் வர வேண்டியவருக்கு ரொட்டேஷன் நின்று போய் முதலுக்கே மோசம். ஜேபி மார்கன் சேஸ் ஆய்வகம் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்து 2016-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. வரவே நின்றுபோனால் கையிருப்பை வைத்து எத்தனை நாள் தள்ள முடியும் என்ற கேள்விக்கு, நடுவில் நிற்கும் நிறுவனத்துக்குக் கிடைத்த பதில் 27 நாள். 27 நாள் கையிருப்பு உள்ளவரிடம் போய் 90 நாள் கடன் கேட்பதற்குப் பெயர் வியாபார நடைமுறையாம்.

பிரிட்டனில் கரில்லியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் விழுந்தது. விழுந்த அன்று கையில் இருந்த பணம் 2.9 கோடி பவுண்டு, சப்ளையர்கள், துணை ஒப்பந்தக்காரர்கள் உள்ளிட்ட 30,000 பேருக்குக் கொடுக்க வேண்டியதோ சுமார் 200 கோடி பவுண்டு. இந்த நிறுவனம் சப்ளையர்களுக்குப் பணம் தர 120 நாள் எடுத்துக்கொண்டது. இதில் வேடிக்கை, உரிய நேரத்தில் பணம் தருவோம் என்கிற நெறிமுறையில் அது கையெழுத்தும் போட்டிருந்தது. முன்னாலேயே பணம் வேண்டும் என்றால் வங்கி மூலம் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் கழித்துக்கொண்டு. தன் பணத்தைத் தானே தள்ளுபடி கொடுத்து வாங்கிக்கொள்கிற நிலை. அந்தத் துணை ஒப்பந்தக்காரர்களில் நஷ்டப்பட்டவர்கள் எல்லாம் திறமை இல்லாதவர்களா? வேலையை முடித்து பில் போட்டவர்கள்தானே!

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இல் வந்த உத்தரவின்படி நிறுவனங்களுக்கிடையே 60 நாள்தான் பொதுவான வரம்பு. ஆனால் இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், அப்பட்டமான அநியாயமாக இல்லாத வரைக்கும், அதைத் தாண்டலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். பெரிய வாடிக்கையாளர் நீட்டும் தாளில் "ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று எழுதுகிற சின்ன நிறுவனம் எது? கேஸ் போட்டால் வட்டியோடு வரும், அடுத்த ஆர்டர் வராது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆட்கள் மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தை ஆடும்போது பெரிய நிறுவனத்தில் முதலில் மாறுவது நாற்காலிகள். பர்ச்சேஸில் இருந்தவர் போய்விடுவார், புதிதாக வருபவருக்கு நீங்கள் லிஸ்டில் ஒரு வரி. போன வருடம் அவர்களுடைய அவசரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து ஓட்டிக் கொடுத்தது, விலை ஏறியபோதும் பழைய விலைக்கே கொடுத்தது, "அடுத்த ஆர்டரில் பார்த்துக்கலாம்" என்று அவர் வாயால் சொன்னது, எதுவும் எந்த ஃபைலிலும் இல்லை. புதியவர் தான் வந்ததைக் காட்டுவதற்கு முதலில் செய்வது எல்லா சப்ளையரிடமும் புது கொட்டேஷன் கேட்பது. மெஷின் ஓட்டுகிறவர் நம்மை விட்டுப் போனால் அது வேறு கதை, ஐநூறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் போனால் யாருக்கும் தெரியாது, எட்டுப் பேரில் ஒருவர் போனால் எந்த சைஸுக்கு எந்த அழுத்தம் வைக்க வேண்டும் என்கிற அறிவே வாசல் தாண்டிப் போகிறது, அடுத்தவர் அதைக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் வீணாகிற பேப்பர் நம் கணக்கில். இத்தனைக்கும் அவர் மேல் கோபப்பட முடியாது. ஆர்டர் எப்போது நிற்குமோ என்று பயப்படுகிற இடத்தில் அவர் ஏன் இருக்க வேண்டும்?

இதற்கெல்லாம் மருந்தாக மேடைகளில் ஒரு வார்த்தை சொல்வார்கள், சின்ன நிறுவனங்கள் வளைந்துகொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. ஐயா, வளைந்தது போதும். வாடிக்கையாளரைப் பலவாக்கு என்பது அடுத்த அறிவுரை, நல்ல அறிவுரைதான், ஆனால் ஒவ்வொரு புது வாடிக்கையாளரும் புதிதாக ஒரு 60 நாள் கடன் கேட்டுக்கொண்டுதான் வருவார். அந்தக் கடனைக் கொடுக்கப் பணம் இருந்தால் பழைய வாடிக்கையாளரையே சமாளித்திருக்கலாமே.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவது தாளில் எழுதுகிற விஷயங்களைத்தான். கொட்டேஷனில் இந்த விலை எத்தனை நாளுக்கு என்று போடுங்கள், மூலப்பொருள் விலை இவ்வளவுக்கு மேல் ஏறினால் நம் விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று ஒரு வரி சேருங்கள். இறங்கினால் இறங்கும் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏறும் என்று மட்டும் எழுதினால் கிழித்துப் போடுவார்கள். அவர்கள் லோகோ அச்சிட்ட, வேறு யாருக்கும் விற்க முடியாத சரக்கு என்றால் மூலப்பொருள் செலவுக்காவது அட்வான்ஸ் வாங்காமல் மெஷினில் ஏற்றாதீர்கள். பர்ச்சேஸ்காரர் போனில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்புறம், பக்கத்துப் பட்டறைக்காரர் திணறும்போது அவருடைய வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போகப் பார்ப்பதைவிட, நம்மிடம் மிச்சமிருக்கிற வேலையில் கொஞ்சம் அவருக்குக் கொடுத்துப் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர் மூடினால் பேப்பர் வியாபாரி நம் கடன் வரம்பை எவ்வளவு குறைப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.