ஷேங்ஸ்வில்லில் விமானமே விழவில்லையா?

"2001 செப்டம்பர் 11 அன்று ஷேங்ஸ்வில் தன்னார்வத் தீயணைப்புப் படை போய்ப் பார்த்தபோது வெறும் பள்ளம்தான் இருந்தது, விமானம் விழுந்ததாகச் சொன்னது பொய்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் சில நூறு பேரே வசிக்கிறார்கள். அன்று காலை 10.03 மணிக்கு, பயங்கரவாதிகள் கடத்திய யுனைடெட் 93 என்ற பயணிகள் விமானம் ஊருக்கு வெளியே விழுந்தது. அழைப்பு வந்ததும் முதலில் ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். முழு விமானமாக அவர்கள் எதையும் காணவில்லை என்பது உண்மையே. மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில், தலைகீழாக, இளகிய மண்ணில் மோதினால் என்ன மிஞ்சும்? துண்டு துண்டான உலோகம், எரியும் மரங்கள். விமானிகள் அறைக் குரல் பதிவுக் கருவி சுமார் 25 அடி ஆழத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. விமானத்தின் பெரும்பகுதி மீட்கப்பட்டதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அறிவித்தது.

செப்டம்பர் 11 விசாரணை ஆணைய அறிக்கையிலும், அங்குள்ள நினைவிடத்தைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேர் மாண்ட இடம் அது. அவர்களுடைய குடும்பத்தார் இன்றும் அங்கே வந்து நிற்கிறார்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.