வேலை எதுவும் இல்லாமல் ஒரு பேருந்துப் பயணம்

கடந்த மூன்று ஆண்டுகளாக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது, என் அம்மாவும் நானும் திருவரங்கத்தில் 1ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறி, திருச்சி மத்தியப் பேருந்து நிலையம் வரை போய், அங்கே எந்தக் காரியமும் பார்க்காமல், அடுத்த பேருந்தில் வீடு திரும்புகிறோம். அம்மாவுக்கு 78 வயது, எனக்கு 54. இதைக் கேள்விப்படும் உறவினர்கள் முதலில் யாரைப் பார்க்கப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். யாரையும் இல்லை என்றால், என்ன வாங்கப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். காரியம் இல்லாமல் இரண்டு பெண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. அவர்களிடம் நின்று விளக்க நேரமில்லாமல் போனதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதைத் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை செய்து, சில வாரம் கழித்து மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அன்றைக்குப் பேருந்தில் கூட்டம் இல்லாததால் அவருக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. பாலக்கரை தாண்டியதிலிருந்து அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். நகை அடகுக்கடை, பாத்திரக்கடை, தையல் பயிற்சி நிலையம், பற்களுக்கான மருத்துவமனை என்று எதையும் விடவில்லை. பல ஆண்டுகளாகப் பழுப்புத் திரை படிந்திருந்த கண்ணுக்கு நீல நிறம் திரும்ப வந்திருந்தது, ஒரு வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த நீலப் புடவையைக் காட்டி, "இந்த மாதிரி ஒரு நீலம் இருக்கா என்ன?" என்று கேட்டார். காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச் சாலை வந்ததும், "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தை நான் மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் ஒரு தடவை அந்த வழியே போய் வரலாமா என்று நான் கேட்டபோது, "ஏண்டி, வேலை ஒண்ணும் இல்லாம பஸ் ஏறுவாங்களா?" என்று கேட்டவரும் அவரேதான். கேட்டபடியே புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

நிறுத்தத்தில் நிற்பதிலிருந்தே அந்தப் பயணம் தொடங்கிவிடுகிறது. திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகள் நிறைய ஓடுகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளை அழைக்கும். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு அரசுப் பேருந்துக்காகக் காத்திருப்பார். வலப்பக்கச் சன்னலா இடப்பக்கச் சன்னலா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவார். பாலத்தின் மேல் ஏறியதும் மலைக்கோட்டை தெரியும். திரும்பி வரும்போது ராஜகோபுரம் தென்னைமரங்களுக்கு மேலே எழும்பி நிற்கும். 236 அடி உயரக் கோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், அது மொட்டையாக நின்ற நாள்களும் அவருக்குத் தெரியும். அந்தக் கதையைப் பாதிப் பயணங்களிலாவது சொல்லிவிடுவார். மெயின்கார்டு கேட் வந்ததும் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்மையான கோபுரம், பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதி நெரிசல், காந்தி சந்தைப் பக்கம் நெருங்கும்போது சன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறும் கொத்தமல்லிக் கட்டு வாசனை. இவற்றில் ஒன்றுகூடப் புதியதில்லை. 54 ஆண்டுகளாக நான் இவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன், பார்த்ததில்லை. அலுவலகத்துக்குப் போகும் அவசரத்தில் ஊர் முழுவதும் எனக்கு ஒரு தாமதமாகத்தான் இருந்தது.

இந்தப் பயணத்துக்குச் செலவு கிடையாது. 2021 மே 8 முதல் சாதாரண கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் கட்டணமில்லாமல் ஆயிற்று. அதனால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு அடிக்கடி பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் இன்னொரு பயனை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என் அம்மாவின் தலைமுறைப் பெண்களுக்கு, டிக்கெட் என்பது தொகையைவிடப் பெரிய விஷயம். ஐந்து ரூபாய் ஆனாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். கல்யாணம், சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி, கோயில் என்று காரணங்களின் பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. காற்று வாங்குவது அதில் இல்லை. கட்டணம் போனபோது காரணம் சொல்லும் கடமையும் கூடவே போய்விட்டது. அதைத்தான் நான் இந்தத் திட்டத்தின் மிக நல்ல விளைவாக நினைக்கிறேன்.

நேரத்துக்கும் இதே கதைதான். 2019இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், அப்படி வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் தெரியவந்தது. 299 நிமிடம் என்றால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 'சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி காணுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மழையைப் பார்ப்பது இலவசம்தான். ஆனால் மழை பெய்யும்போது மாடியில் காயும் துணியையும் வடகத்தையும் எடுக்க ஓடுகிறவர் ஒருவர், நின்று பார்க்கிறவர் இன்னொருவர் என்றால், அது எல்லாருக்கும் ஒரே மழை இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நிலைத்ததற்கு ஒரு காரணம், அன்று மதியச் சமையலை என் கணவரும் மகனும் ஏற்றுக்கொண்டதுதான். ரசமும் அப்பளமும் மட்டும்தான் இருக்கும். போதும்.

எளிய மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினாலே, இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானம் அது என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கூலி கேட்டவரிடம் பவழமல்லியின் வாசனையைப் பற்றிப் பேசுவது அநியாயம். கடன் இருக்கிற வீட்டில், மருந்துக்குக் காசில்லாத வீட்டில், மனத்தை மாற்றிக்கொள் என்ற புத்திமதியால் எதுவும் ஆவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. பெரியவை வேண்டியவைதான், ஆனால் அவை வந்து சேரும் வரை வாழ்வதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வந்த பிறகும் சிறியவற்றின் இடத்தை அவை நிரப்புவதில்லை.

இதை என் அனுபவத்திலேயே பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் சீட்டு கட்டி, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மூலம் அம்மாவை வடநாட்டுப் பயணம் அழைத்துப்போனேன். ஐந்து நாளில் பதினொரு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார்கள். முழங்கால் வலியோடு அவர் படிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். சொன்ன தங்குமிடம் ஒன்று, கொடுத்தது இன்னொன்று. இன்று அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு நினைவிருப்பது, விடியற்காலையில் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் மண் குவளையில் குடித்த சூடான தேநீரும், குடித்துவிட்டு அந்தக் குவளையை வீச மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டதும்தான். குவளை இன்னமும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

1978இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு உளவியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது. இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், அப்படி எதுவும் விழாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலைச் சிற்றுண்டி உண்பது, பத்திரிகை படிப்பது, ஒரு நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் எவ்வளவு இன்பம் காண்கிறீர்கள் என்று கேட்டபோது, பரிசு வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் கொடுத்தார்கள். இதை வைத்துப் பணத்தால் பயனில்லை என்று முடிவுகட்டக் கூடாது. 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெரிய பரிசு வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி நீண்ட காலம் கூடியே இருப்பதாகச் சுவீடனில் பிற்பாடு நடந்த பெரிய ஆய்வு சொல்கிறது. எனக்கு அந்தப் பழைய ஆய்வில் உறைப்பது ஒன்றுதான்: பெரிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, காலை இட்லியின் ருசி தானாகத் திரும்பி வருவதில்லை. அதைப் பழக வேண்டியிருக்கிறது.

பழக்கம் என்று சொன்னதற்கு என் காபியே சாட்சி. எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியிலும், பிறகு டவராவில் ஆற்றிக் குடிக்கும் நேரத்திலும் என் கையில் கைப்பேசி இருக்கும். ஒரு நாள் காலை, டம்ளர் காலியாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, நான் எப்போது குடித்தேன் என்று யோசித்தேன், நினைவே வரவில்லை. சூடாக இருந்ததா, கசந்ததா, சர்க்கரை போட்டேனா என்று எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து கைப்பேசியை உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் காபியோடு உட்காருகிறேன். முதல் வாரம் கை பரபரத்தது. மூன்றாம் வாரத்தில், வடிகட்டியின் மேல்தட்டிலிருந்து சொட்டு விழும் ஓசை, முதலில் வேகமாகவும் பிறகு இடைவெளி விட்டும் மாறுவது காதுக்குக் கேட்டது. பத்து நிமிடம்தான். அலுவலகத்தில் எத்தனை மோசமான நாளாக இருந்தாலும், அந்தப் பத்து நிமிடம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலத்தில் மாலை ஐந்தரை மணிக்குமேல் போய்ப் பாருங்கள். இருபுறமும் வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்பார்கள். யாரும் எதுவும் செய்வதில்லை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, ஆற்றின் மேல் வரும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். கோடையில் கீழே வெறும் மணலும் நடுவே ஒரு வாய்க்கால் அளவு நீரும் ஓடும்போதும் நிற்கிறார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவர்களை விரட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காற்று வாங்க ஊருக்குள் வேறு நல்ல இடம் இல்லாததால்தானே பாலத்தில் நிற்கிறார்கள்? உட்கார இரண்டு பெஞ்சு, முதியவர் ஏறக்கூடிய உயரத்தில் பேருந்துப் படி, நிழல் உள்ள நிறுத்தம், சுத்தமான ஒரு கழிப்பறை ஆகியவை இருந்தால் எத்தனையோ பேருக்கு மாலைப்பொழுது திறந்துவிடும். அம்மா பயணத்துக்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்த தண்ணீர், திருச்சிக்கு மேற்கே காவிரி பிரியும் முக்கொம்புக்கு வந்துசேர மூன்று நாளளவு ஆகும். ஓர் ஆண்டு, தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிவிட்டது என்று மாலையில் தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் அம்மாவை அழைத்துக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். எங்களைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வெள்ளம் சீறிக்கொண்டு வரும் என்று நான் நினைத்திருந்தேன். அது ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்தது. முன்விளிம்பில் பழுப்பு நுரை. நுரையில் காய்ந்த இலை, சுள்ளி, ஒற்றைச் செருப்பு. சூடேறிக் கிடந்த மணலுக்குள் நீர் இறங்க இறங்கக் குமிழ்கள் வெடித்து, பொரிவது போல் ஒரு சன்னமான ஓசை கேட்டது. மணலிலிருந்து வெளியேறி ஓடும் பூச்சிகளைக் கொத்தியபடி, நீருக்கு ஓர் அடி முன்னாலேயே கொக்குகள் நடந்து வந்தன. ஒரு பெரியவர் கையிலிருந்த பூவைத் தூவிக் கும்பிட்டார்.

அம்மா கல்யாணமாகி இந்தத் திருவரங்கத் தீவுக்கு வந்து 57 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் கலந்த சாதம் கட்டிக்கொண்டு இதே படித்துறைக்கு வந்திருக்கிறார். "வந்த தண்ணியத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன்," என்றார், "வர்ற தண்ணிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நீர் கடைசிப் படியைத் தொடும் வரை இருந்துவிட்டுத்தான் வருவேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வீடு திரும்பும்போது இரவு எட்டு மணி. காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.