ஆறு சுண்டெலி, பன்னிரண்டு காது

கொஞ்சம் நீளமான பதிவு. காது மூக்கு தொண்டைத் துறையில் விலங்கு ஆய்வு செய்கிறவர்களும், அந்தக் கட்டுரைகளை நம்பி அடுத்த ஆய்வைத் திட்டமிடுகிறவர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

இத்துறைக் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால் நேரே செய்முறைப் பகுதிக்குப் போங்கள். ‘n = 12’ (மாதிரி எண்ணிக்கை 12) என்று போட்டிருக்கிறார்களே, அது பன்னிரண்டு சுண்டெலியா, பன்னிரண்டு காதா? பல கட்டுரைகளில் விடை கிடைக்காது. செய்முறையில் விலங்கு என்று இருக்கும், படத்தின் அடிக்குறிப்பில் காது என்று மாறியிருக்கும். ஆறு சுண்டெலிகளின் இரண்டு காதையும் அளந்து பன்னிரண்டாகக் கணக்குக் காட்டுவது நம் துறைக்கே வாய்த்த வியாதி. உறுப்பெல்லாம் ஜோடி ஜோடியாக இருப்பதால் வருவது. ஒரே உடல், ஒரே மரபணு, ஒரே மயக்க மருந்து, ஒரே இரைச்சல் என்றால் இடது காதின் அளவும் வலது காதின் அளவும் பெரும்பாலும் ஒட்டியே போகும். அந்த ஒட்டுறவு (முழுதும் ஒட்டினால் 1, ஒட்டாவிட்டால் 0) 0.8 என்று வைத்துக்கொண்டால், 12-ஐ 1 + 0.8, அதாவது 1.8-ஆல் வகுக்க வேண்டும். உண்மையான மாதிரி எண்ணிக்கை 6.7. இரண்டு குழுக்களை ஒப்பிடும் டி-டெஸ்டுக்கு 12 என்று கொடுத்தால் பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று எடைபோட உதவும் எண்) தேவைக்கு மேல் சின்னதாக வரும், அவ்வளவுதான் சூட்சுமம். மூக்குத் துளைக்கும் குரல்நாணுக்கும் இதே கதைதான்.

ஒரு காதில் மருந்து, மறு காது கட்டுப்பாடு என்று வைப்பது இன்னொரு வழி. தவறில்லை, ஜோடியாக ஒப்பிடும் கணக்கைப் போட்டால் போதும். ஆனால் காக்ளியாவுக்குள் (உள்காதின் நத்தைச் சுருள்) செலுத்தியது காக்ளியக் கால்வாய் வழியாக மூளைத் தண்டுவடத் திரவத்தில் கலந்து எதிர்ப்பக்கம் போகலாம். ஒரு காதில் செலுத்திய வைரஸ் கடத்தி (மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ்) மறு காதில் தென்பட்டது கினிப் பன்றிகளில் பதிவாகியிருக்கிறது. மருந்தே படாத விலங்குகளின் குழு ஒன்று தனியாக இருந்ததா என்பதை எழுதாவிட்டால், அந்தக் ‘கட்டுப்பாட்டுக் காதை’ எதை வைத்து நம்புவது?

இதற்கெல்லாம் வழிகாட்டி இல்லாமல் இல்லை. ஆய்வில் விலங்குப் பயன்பாட்டைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் என்சி3ஆர்எஸ் அமைப்பு 2010-இல், விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ‘அரைவ்’ நெறிமுறைகளை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான கணக்கெடுப்பில், பார்த்த 271 கட்டுரைகளில் ரேண்டமைசேஷன் (குலுக்கல் முறையில் குழு பிரிப்பது) பற்றி 87 சதவீதமும், பிளைண்டிங் (எது எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியாமல் வைப்பது) பற்றி 86 சதவீதமும் வாயே திறக்கவில்லை. 2020-இல் அரைவ் திருத்தப்பட்டு 21 அம்சங்கள் ஆனது. அதில் 10 கட்டாயம் எழுத வேண்டியவை. சரி, அந்த அம்சங்களின் பட்டியலை நிரப்பித் தரச் சொன்னால் எழுதிவிடுவார்களா? பிளாஸ் ஒன் இதழுக்கு வந்த கட்டுரைகளை வைத்து அதையும் சோதித்தார்கள். 1,689 கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் பட்டியலைக் கேட்டார்கள். 2019-இல் முடிவு வந்தது: இரண்டு பக்கத்திலும் ஒரு கட்டுரைகூட முழுமையாகத் தேறவில்லை. முன்னேற்றம் தெரிந்தது விலங்கு வளர்ப்பு விவரத்தில் மட்டும். கூண்டு, தீவனம், விளக்கு நேரம் இவை ஏற்கெனவே எழுதி வைத்த பத்தி; ஒட்டிவிட்டுப் போகலாம்.

அதனால் என் கட்சி இதுதான்: ‘அரைவ் நெறிமுறைப்படி நடந்தோம்’ என்ற வரிக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். நம் துறைக்கான விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பையே எடுத்துக்கொள்வோம். சி57பிஎல்/6 வகைச் சுண்டெலிக்கு சிடிஎச்23 மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் சில மாதங்களிலேயே உயர் அதிர்வெண் கேட்பது குறையத் தொடங்கிவிடும். சிபிஏ/சிஏஜே வகைக்கு அப்படி இல்லை. வகையும் வயதும் வாரக் கணக்கில் எழுதாமல் ‘வளர்ந்த சுண்டெலிகள்’ என்று முடித்தால், கெடுத்தது இரைச்சலா பிறப்பா என்று யாருக்கும் தெரியாது. இரைச்சலும் அப்படித்தான். 8 முதல் 16 கிலோஹெர்ட்ஸ், 100 டெசிபல், 2 மணி நேரம் என்பது பழகிய அளவு. சிபிஏ/சிஏஜே சுண்டெலியில் செவிப்புல வரம்பு (கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலி) இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும், நரம்பு இணைப்புகள் திரும்பாது. அதற்கு மேல் சில டெசிபல் போனாலே தற்காலிகம் நிரந்தரம் ஆகிவிடும். ஆகவே அந்த 100 டெசிபலை எந்த மைக்கை எங்கே வைத்து அளந்தார்கள், கூண்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், தடுப்பு வைத்துத் தனித்தனியாக விட்டார்களா என்பதெல்லாம் வேண்டும். சேர்த்து விட்டால் ஒன்றன் கீழ் ஒன்று புகுந்துகொள்ளும். பகலா இரவா என்பதும் வேண்டும்: ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியபடி, அதே இரைச்சலைப் பகலில் கேட்ட சுண்டெலிகள் தேறின, இரவில் கேட்டவை தேறவில்லை.

அடுத்து பெரா, அதாவது ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளை அளக்கும் சோதனை. மயக்க மருந்து கெட்டமின்-சைலசினா, ஐசோஃப்ளூரேனா? ஐசோஃப்ளூரேனில் வரம்பு உயர்ந்து தெரியும். உடல் வெப்பம் எவ்வளவு? மயங்கிய சுண்டெலி மளமளவென்று குளிர்ந்துவிடும். 37 டிகிரியில் பிடித்து வைக்காவிட்டால் அலைகள் தாமதமாக வரும். ‘வெப்பத் திண்டு பயன்படுத்தினோம்’ என்பது போதாது. ஆசனவாய்த் தெர்மாமீட்டர் காட்டிய எண்ணை எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வரம்பு இது என்று முடிவு செய்தவர் யார்? 5 டெசிபல் படியில் இறங்கி, கடைசியாக அலை தெரிகிற இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை அது. 25 டெசிபலில் லேசாக ஒரு மேடு. மருந்து கொடுத்த சுண்டெலி என்று தெரிந்தால் கண் அதை அலை என்னும். தெரியாவிட்டால் வெறும் பின்னணி அசைவு என்னும். கோப்புகளுக்கு வேறு எண் கொடுத்து, அறுவைசிகிச்சை செய்யாத ஒருவரை வாசிக்கச் சொல்ல ஒரு மதியம் போதும்.

மூக்கு ஒவ்வாமை ஆய்வுகள் பற்றிச் சுருக்கமாக. தும்மலையும் மூக்குத் தேய்ப்பையும் எண்ணுகிறவருக்குக் குழு தெரியக்கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் ஓவால்புமினை (முட்டை வெள்ளைப் புரதம்) எத்தனை மைக்ரோலிட்டர் விட்டார்கள், விழித்திருந்ததா மயக்கத்திலா என்று இருக்க வேண்டும். மயக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகும். பிறகு அது மூக்கு ஆய்வே அல்ல.

எத்தனை விலங்கு என்ற கேள்வி. 10 டெசிபல் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் (விலங்குக்கு விலங்கு அளவு எவ்வளவு சிதறுகிறது என்பது) 8 என்றால், அதைப் பிடிக்கும் 80 சதவீத வாய்ப்புக்குக் குழுவுக்கு 11 அல்லது 12 விலங்கு தேவை. வழக்கமாக வைக்கிற 6 வைத்தால், அதே 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வித்தியாசம் 14 டெசிபலுக்கு மேல் இருக்க வேண்டும். இந்தியாவில் இந்தக் கணக்கைப் போடாமல் தப்பிக்க முடியாது. விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தருகிற படிவம் பி-யிலேயே இத்தனை விலங்கு ஏன் என்று கேட்கிறார்கள். ஒப்புதல் எண்ணைக் கட்டுரையில் பெருமையாகப் போடுகிறவர்கள், அந்தப் பதிலை மட்டும் படிவத்தோடு விட்டுவிடுகிறார்கள். வெட்டி ஒட்ட இரண்டு நிமிடம்.

இடமில்லை, சொல் வரம்பு என்பார்கள். துணைக் கோப்புக்கு இதழ்கள் பொதுவாகச் சொல் வரம்பு வைப்பதில்லை. விலங்கின் எண், பால், வகை, வயது, கூண்டு, எந்தக் காது, எந்தக் குழு, வாசித்தவர், விலக்கியிருந்தால் காரணம் என்று ஒரு எக்செல் தாள் போடுங்கள். மயக்கத்தில் செத்த சுண்டெலிக்கும், நடுக்காதில் சீழ் இருந்ததால் ஒதுக்கிய கினிப் பன்றிக்கும் அதில் ஒரு வரி வேண்டும். எட்டில் தொடங்கி ஆறில் முடிந்த கட்டுரைகளில் அந்த இரண்டு எங்கே போயின என்று மதிப்பீட்டாளர்கள் கேட்கத் தொடங்கினால், தாள் தானாக வரும்.