ஒரு நாள் போதாது

பஞ்சாப்புக்கு ஒரு நாள் போதும், பொற்கோயிலும் வாகா எல்லையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை எனக்கு ஏற்பில்லை. சுற்றியிருக்கும் வயல்களையும் பார்த்தால்தான் அந்தக் கோயிலே புரியும். சீக்கிய மதத்தைத் தோற்றுவித்த குரு நானக்கே கடைசி ஆண்டுகளில் ராவி ஆற்றங்கரையில், கர்தார்பூரில் பயிர் செய்து வாழ்ந்தவர்தானே.

நான் போனது ஜூனில். வெயில் என்றால் அப்படியொரு வெயில். அமிர்தசரஸ் பக்கத்து ஊரான தரன் தாரன் போகும் வழியில் ஊர்ப் பையன்கள் பேருந்தை மறித்து, ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த ஐஸ் தண்ணீரை ஆளுக்கொரு டம்ளர் நீட்டினார்கள். சபீல் என்கிறார்கள். 1606-ல் லாகூரில் கொடுமைப்படுத்தப்பட்டு உயிர்நீத்த ஐந்தாவது சீக்கிய குரு அர்ஜனின் நினைவாக, வழிப்போக்கர்களின் தாகம் தீர்க்கும் சேவை. காலி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவரின் முழங்கால் வரை சேறு. நாற்று நடவிலிருந்து நேரே வந்திருக்கிறார்!

அப்புறம், லங்கரில், அதாவது குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசமாக உணவு தரும் பந்தியில், ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். தட்டை நீட்டிய என் கையைப் பக்கத்திலிருந்த பாட்டி பிடித்துச் சேர்த்துவைத்தார்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று தண்ணீர். கோதுமையும் மக்காச்சோளமும் விளைந்த மண்ணில் பசுமைப் புரட்சிக்குப் பிறகுதான் நெல் இவ்வளவு பரவியது. அரசு கொள்முதல் உறுதி என்பதால் நெல்லைக் கைவிடவும் முடியவில்லை; நிலத்தடி நீரோ இறங்கிக்கொண்டே போகிறது. நான் பேசிய விவசாயிகள் எல்லாரும் முதலில் சொன்னது, ஆழ்துளைக் கிணற்றை எத்தனை முறை ஆழப்படுத்தினோம் என்பதைத்தான்.