ஊகம் பொய்க்க இடமில்லாத செயல்பாடு வெறும் கைவேலைதான்

தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் "செயல்வழிக் கற்றல்" என்ற பேரில் நடப்பதில் பாதி, சார்ட் ஒட்டும் வேலை. தெர்மாகோலில் எரிமலை, மினுமினுப்புத் தாளில் சூரியக் குடும்பம். அதிலும் பாதியை வீட்டில் அம்மாவோ அப்பாவோ ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்திருப்பார்கள். சுவரில் மாட்டி, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு சரி. பிள்ளை எந்த நினைப்போடு வந்ததோ அதே நினைப்போடு வீட்டுக்குப் போகிறது.

ஒரு செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளையைக் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும். இதைச் செய்வதற்கு முன்னால் பிள்ளை ஒரு முடிவை ஊகிக்க முடியுமா, அந்த ஊகம் தப்பாகப் போக வழியிருக்கிறதா? இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் அதை ஓவிய வகுப்புக்கு அனுப்பிவிடலாம். அழகாக இருப்பதில் தப்பில்லை, அதைக் கணக்கு என்றோ அறிவியல் என்றோ சொல்லிக்கொள்வதுதான் தப்பு.

இதைக் கடைசி வகுப்புக்கென்றே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முழு எண்களை வைத்துப் பிள்ளைகள் தாங்களாகவே சில விதிகளை மனசில் போட்டு வைத்திருப்பார்கள். பெருக்கினால் எண் பெரிதாகும், இலக்கம் கூடினால் மதிப்பு கூடும், நாலு மூன்றைவிடப் பெரிது. பத்து பதினோரு வயதில் பின்னமும் தசமமும் முழு வேகத்தில் வரும்போது இந்த மூன்றும் ஒரே வருஷத்தில் உடைகின்றன. 8-ஐ அரையால் பெருக்கினால் 4. 0.35-ஐவிட 0.4 பெரிது. கால் பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடச் சின்னது. ஊகம் பொய்க்கும் இடத்தை நாம் தேடிப் போகவே வேண்டாம், பாடத்திலேயே இருக்கிறது.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். வட்டம் வரைந்து துண்டு போடும் பழக்கத்தை இந்த வகுப்போடாவது நிறுத்த வேண்டும். கையால் வரைந்த வட்டத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கப் பெரியவர்களுக்கே வராது. ஒரு பிள்ளையின் வட்டம் பெரிது, இன்னொன்றின் வட்டம் சிறிது. இரண்டு துண்டை ஒட்டிவைத்து "இது ஆறில் ஐந்து" என்று கண்ணால் சொல்லவும் முடியாது. காகிதப் பட்டையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள். அகலம் 21 செ.மீ. என்பதால் 3 செ.மீ. அகலத்தில் சரியாக ஏழு பட்டை வரும். நீளத்தை 24 செ.மீ.க்கு நறுக்கிவிட வேண்டும். 24 என்ற எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3, பன்னிரண்டில் ஒன்று 2. எல்லாமே முழு செ.மீ. முதல் பட்டை முழுசு, மற்ற ஆறும் இந்த ஆறு பிரிவுகளுக்கு. பாதி, கால், எட்டில் ஒன்று ஆகியவற்றை மடித்தே போடலாம். மூன்று, ஆறு, பன்னிரண்டு பாகங்களை மடிக்கச் சொன்னால் கோணல்மாணலாகத்தான் வரும், அவற்றை அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பல அளவுகோல்களில் பூஜ்யம் விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். பிள்ளை விளிம்பை வைத்துக் குறித்தால் முதல் பாகம் நீண்டு போகும், 1-இலிருந்து ஆரம்பித்தால் ஒரு செ.மீ. தவறும். இதைப் பார்க்காமல் விட்டால் அப்புறம் எந்தக் கோடும் எதோடும் ஒட்டாது, பிள்ளை "பட்டை பொய் சொல்லுது" என்று முடிவு கட்டிவிடும்.

முதல் பாடவேளையில் வெட்டவே கூடாது. கோடு போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் பின்னத்தை எழுதி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிட்டால் போதும். 5/6 பெரிதா, 7/8 பெரிதா? இரண்டும் முழுசுக்கு ஒரு துண்டுதான் குறைவு, அதனால் சமம் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. அடுக்கிப் பார்த்தால் ஒன்று 20, மற்றது 21. குறைகிற துண்டு எதில் சின்னதோ அது பெரிய பின்னம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். ஆசிரியர் அதற்கு முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது பாடவேளையில் கரும்பலகையில் 1/2 + 1/3. விடையை முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பேனாவால். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதியவர்கள் கணிசமாக இருப்பார்கள். உடனே திருத்த வேண்டாம். பாதிப் பட்டையிலிருந்து ஒரு துண்டு, மூன்றாம் பட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, முழுப் பட்டைக்குக் கீழே நுனியோடு நுனி சேர்த்து வைக்கட்டும். 20 செ.மீ. வரும். இப்போது கேளுங்கள்: 2/5 பாதியைவிடக் குறைவுதானே, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிப் பாதிக்குக் கீழே போச்சு? வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பிறகு, இந்த 20 எந்தப் பட்டையின் கோட்டோடு ஒட்டுகிறது என்று தேட விடுங்கள். கால் பட்டையில் கோடு 18-இல் இருக்கிறது, அடுத்தது 24. எட்டாம் பட்டையில் 18, 21. இரண்டும் ஒட்டாது. ஆறாம் பட்டையில் ஐந்தாவது கோடு கச்சிதமாக நிற்கும். பன்னிரண்டாம் பட்டையில் பத்தாவது கோடும் நிற்கும். 10/12 என்று சொல்லும் பிள்ளையைத் தப்பு என்று உட்கார வைத்துவிடாதீர்கள், 5/6-க்குப் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். பொதுப் பகுதி, அதாவது இரண்டு பின்னத்துக்கும் ஒரே கீழ் எண், எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டு கோட்டில் கிடக்கிறது. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) அப்புறம் வரலாம்.

ஐந்தில் ஒன்றும் பத்தில் ஒன்றும் 24-இல் சரியாக விழாது. அவற்றுக்கு 20 செ.மீ. பட்டை வேண்டும், அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளப் பட்டைகளையும் ஒரே நாளில் கையில் கொடுத்தால் "முழுசு" எது என்பதே குழம்பிவிடும். தசமத்துக்கு ஒரு மீட்டர் டேப் போதும்: 0.4 மீட்டர் என்பது 40 செ.மீ., 0.35 என்பது 35 செ.மீ. "பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிக்கும் வழக்கத்தை ஆசிரியரே முதலில் விட வேண்டும். முப்பத்தைந்து என்று காதில் விழுந்த பிறகு அது நாலைவிடப் பெரிதாகத் தோன்றாமல் என்ன செய்யும்? "மூன்று ஐந்து" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பரப்பளவுக்கு ஒரு நூல். 24 செ.மீ. சுற்றளவு வேண்டுமென்றால் 27 செ.மீ. வெட்டி, 24-இல் குறி வைத்து அங்கே முடிச்சு போட வேண்டும், இல்லையென்றால் முடிச்சே ஒன்றிரண்டு செ.மீ.யைத் தின்றுவிடும். ஒரு செ.மீ. கட்டத் தாளில் வெவ்வேறு செவ்வகமாக வைத்துப் பார்க்கட்டும். ஒரே நூல், அதனால் உள்ளே இருக்கும் கட்டமும் ஒரே அளவு என்பதுதான் அநேகம் பேரின் ஊகம். 1×11 வைத்தால் 11 கட்டம், 2×10-க்கு 20, 3×9-க்கு 27, பிறகு 32, 35, கடைசியில் சதுரத்துக்கு 36. நூல் மாறவே இல்லை, பரப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சுற்றளவை எண்ணும்போது விளிம்பை ஒட்டிய கட்டங்களை எண்ணுவார்கள். 4×8-க்கு 24 வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் அதுதான் காரணம், மூலைக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் விட்டுப் போகிறது.

அறிவியலில் இதற்குத் தோதான ஒன்று தனி ஊசல். நூல், சில வாஷர், ஒரு ஸ்டாப்வாட்ச். கனம் கூடினால் வேகமாக ஆடும் என்று கிட்டத்தட்ட வகுப்பே சொல்லும். நூல் 25 செ.மீ. வைத்துப் பத்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்தால் ஏறக்குறைய 10 வினாடி. வாஷரை மூன்றாக்கினாலும் அதே 10. நீளத்தை 50 ஆக்கினால் இரட்டிப்பாக 20 வரும் என்பார்கள், வருவது 14 சொச்சம். 20 வர வேண்டுமென்றால் நூல் 100 செ.மீ. ஆக வேண்டும், அதற்கு மேசை உயரம் போதாது, ஜன்னலின் மேல் கம்பியில்தான் கட்ட முடியும்.

சோதனை கெடுவது மூன்று நாலு இடத்தில். விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் ஒன்பது ஆட்டம்தான் ஆகியிருக்கும், நேரம் 9 என்று காட்டும். விடும்போது "பூஜ்யம்" என்று சொல்லப் பழக்குங்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு ஆட்டம். வாஷர்களை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் ஊசலின் நீளமே மாறிவிடும், எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் மாட்ட வேண்டும். நீளத்தைக் கட்டின இடத்திலிருந்து வாஷரின் நடுவரை அளக்க வேண்டும். ரொம்பத் தூரம் இழுத்து விடாமல் 25 செ.மீ. நூலுக்கு 5 செ.மீ. இழுத்தால் போதும். மூன்று முறை செய்தால் 9.8, 10.3, 10.1 என்று வரும், "எது சார் சரி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம். ஊசல் ஒன்றுதான், பொத்தானை அழுத்தும் விரல்தான் முன்பின் ஆகிறது.

குழுவுக்கு மூன்று பேர் போதும்: ஒருவர் விட, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத. நீளம் மாறும்போதெல்லாம் வேலையும் மாற வேண்டும். நாலாவது ஆளைச் சேர்த்தால் அந்தப் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும், அதுவும் எப்போதும் ஒரே பிள்ளையாக இருக்கும்.

மொழிப் பாடத்திலும் இது நடக்கும். காகிதக் கப்பல் செய்யும் முறையை ஒரு பிள்ளை எழுதட்டும், இன்னொரு பிள்ளை அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து மடிக்கட்டும். "பிறகு மடிக்கவும்" என்று எழுதியவருக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாதது அப்போதே தெரிந்துவிடும். நூறு சிவப்பு வட்டம் போட்டாலும் இது விளங்காது.

இதிலெல்லாம் உபகரணத்தைவிட முக்கியம், கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருப்பது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று வினாடி என்பது நின்று பார்த்தால் ரொம்ப நீளம்.

ஊகத்தைப் பேனாவால் எழுதச் சொன்னதற்குக் காரணம், பென்சில் என்றால் அழித்துவிடுவார்கள். சரியான விடை வந்ததும் முதல் வேலை ரப்பரைத் தேடுவதுதான். ஊகத்துக்கு மார்க் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது என்று முதல் நாளே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். கடைசிப் பத்து நிமிஷம் மூன்று வரி: என்ன நினைத்தேன், என்ன வந்தது, ஏன் மாறியது. மணி அடித்துவிட்டது என்று இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டுமென்றால் ஒட்டுகிற வேலையில் வெட்டுங்கள்.

"இப்படிப் போனால் போர்ஷன் எப்போ முடிக்கிறது?" நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். வாய்ப்பாடு, நீள் வகுத்தல் எல்லாம் போட்டுப் போட்டுத்தான் வரும். அங்கேயும் ஒரு சின்ன ஊகம் உதவும்: 612-ஐ 6-ஆல் வகுக்கும் முன் "நூறுக்குப் பக்கம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தால், நடுப் பூஜ்யத்தை விட்டு 12 என்று எழுதிய பிள்ளை தானே நிமிர்ந்து பார்க்கும். பாடத்துக்கு வாரம் ஒரு செயல்பாடு ஒழுங்காக நடந்தாலே அதிகம்.

பட்டை வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து, எதுவும் கையில் கொடுக்காமல் 1/4 + 1/3 போடச் சொல்லுங்கள். 2/7 மறுபடி தலைகாட்டும், முதல் முறையைவிடக் குறைவாக. எழுதியவர்களை மட்டும் திரும்பப் பட்டைக்கு அனுப்பினால் 14 செ.மீ. வந்து பன்னிரண்டாம் பட்டையின் ஏழாவது கோட்டில் நிற்பதைப் பார்ப்பார்கள். அதனால் துண்டுகளைக் குப்பையில் போடவிடாமல், கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒரு உறை ஒட்டி அதில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வெட்டின பட்டைகளின் பின்பக்கம் ஒவ்வொருவரும் பெயர் எழுதியிருக்கணும், இல்லையென்றால் அந்த வாரம் முழுக்க அதற்கே பஞ்சாயத்து நடக்கும்.